பெனியாரோல் கால்பந்துக் கழகத்தின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருகுவே நாட்டின் தலைநகரான மொண்டேவிடியோவைச் சேர்ந்த பெனியாரோல், தென் அமெரிக்கக் கால்பந்தின் மிகப் பழைய கழகங்களுள் ஒன்று. பிரேசில், அர்ஜென்டினாக் கழகங்களைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு ரயில் பட்டறையில் பிறந்து கண்டத்தின் உச்சிக்கு ஐந்து முறை ஏறிய இந்தக் கழகத்தைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது குறைவு. புதிதாக அறிய வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

பெனியாரோல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முதலில் அது ஓர் ஊரின் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வடமேற்கில் உள்ள பினெரோலோ என்னும் ஊரிலிருந்து ஜொவான்னி பத்தீஸ்தா குரோசா என்பவர் கடல் கடந்து வந்து, மொண்டேவிடியோவுக்கு வெளியே குடியேறினார். அவருடைய சொந்த ஊரின் பெயராலேயே மக்கள் அவரை அழைத்தார்கள். ஸ்பானிய நாவில் அந்தப் பெயர் தேய்ந்து பெனியாரோல் ஆயிற்று. அவர் வாழ்ந்த இடத்துக்கும் அதுவே பெயராக நிலைத்தது. ஆங்கிலேய நிறுவனம் ஒன்று இத்தாலியக் குடியேறி ஒருவரின் ஊர்ப் பெயரைத் தாங்கிய நிலத்தில் பட்டறை கட்டியதால், உருகுவேயின் கழகம் ஒன்றுக்கு இந்தப் பெயர் வாய்த்தது. குடியேறிகளால் ஆன அந்த நாட்டின் கதை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் யார்?

ரயில்வேத் தொழிலாளர்களும் அலுவலர்களும்தான். உருகுவே மத்திய ரயில்வே என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தன் பட்டறைகளைப் பெனியாரோல் பகுதிக்கு மாற்றியபோது, அங்கே பணிமனைகளோடு தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. 1891 செப்டம்பர் 28 அன்று அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் கூடி, 'மத்திய உருகுவே ரயில்வே கிரிக்கெட் கழகம்' என்ற பெயரில் ஒரு விளையாட்டுக் கழகத்தை அமைத்தார்கள். தொடக்க உறுப்பினர்கள் 118 பேர். அவர்களில் 72 பேர் பிரிட்டிஷார், 45 பேர் உருகுவேக்காரர்கள், ஒருவர் ஜெர்மானியர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைச் சுருக்கமாகக் 'குர்க்' என்று அழைத்தார்கள்.

பெயரில் கிரிக்கெட் இருந்தாலும், மிக விரைவிலேயே கால்பந்துதான் கழகத்தின் உயிராகிவிட்டது. உருகுவேயின் முதல் லீக் போட்டி 1900-இல் நடந்தபோது, பட்டத்தை வென்றது இந்த ரயில்வே அணிதான்.

மஞ்சளும் கறுப்பும் எப்படிக் கழகத்தின் நிறங்களாயின?

ரயில்வேயின் நிறங்கள் அவை. நிறுவனத்தின் அறிவிப்புப் பலகைகளும் சைகைகளும் மஞ்சள், கறுப்பு ஆகிய இரு வண்ணங்களில் இருந்தன. ராபர்ட் ஸ்டீவன்சனின் புகழ்பெற்ற 'ராக்கெட்' எஞ்சினின் நிறங்களையும் இதற்கு மூலமாகச் சொல்வார்கள். கழகச் சின்னத்தில் உள்ள பதினொரு நட்சத்திரங்கள் களத்தில் நிற்கும் பதினொரு ஆட்டக்காரர்களைக் குறிக்கின்றன. ரசிகர்களுக்கு இன்றும் வழங்கும் 'கார்போனெரோ' என்ற பெயரும் ரயில்வேயிலிருந்து வந்ததே. எஞ்சின் உலையில் நிலக்கரி வாரிப் போட்டவர்களின் நினைவு அந்தச் சொல்லில் இருக்கிறது.

கழகம் பிறந்தது 1891-லா, 1913-லா?

உருகுவேயில் நூறாண்டுகளாக ஓயாத வழக்கு இது. பெனியாரோலின் பரம எதிரியான நசியோனால் கழகம் 1899 மே 14 அன்று தொடங்கப்பட்டது. பெனியாரோலின் பிறப்பு 1891 என்றால் மூத்த கழகம் பெனியாரோல்; 1913 என்றால் மூத்தது நசியோனால். எனவே இரு தரப்பும் இதை விட்டுக்கொடுப்பதில்லை.

நடந்தது இதுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே அணியின் புகழ் வளர வளர, அதன் ஆட்டங்களைக் காண வந்த கூட்டமும் பெருகியது. ரயில்வேயோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் உறுப்பினர்களாகவும் ஆட்டக்காரர்களாகவும் சேர்ந்தார்கள். நிறுவனத்தின் மேலாளர்களுக்கோ கால்பந்து ஒரு தலைவலியாகத் தெரிந்தது. தொழிலாளர்கள் ஆட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். கூட்டத்தின் ஆவேசம் சில வேளைகளில் நிறுவனத்தின் உடைமைகள்மீதே பாய்ந்தது. 1906-இல் பொறுப்புக்கு வந்த சார்லஸ் பேய்ன் என்ற நிர்வாகி கால்பந்துக்கான செலவுகளை ஏற்க விரும்பவில்லை. 1913-இல், ரயில்வே சாராத உறுப்பினர்களுக்கு இடமளித்துக் கழகத்தின் பெயரையும் மாற்ற வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டபோது நிறுவனம் அதை மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று கால்பந்துப் பிரிவு தனியே பிரிந்தது. 1914-இல் பெனியாரோல் என்ற பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

பிரிந்த அணி, பழைய அணியின் ஆட்டக்காரர்களோடும் நிறங்களோடும் ரசிகர்களோடும் லீக்கில் அதே இடத்தில் தொடர்ந்தது என்பது பெனியாரோல் தரப்பின் வாதம். பழைய ரயில்வே கழகம் உடனே மறைந்துவிடவில்லை, ஊழியர்களுக்கான அமைப்பாக 1915 வரை இருந்தது, ஆகவே இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பது நசியோனால் தரப்பின் வாதம்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஆவணங்களின் கணக்கில் நசியோனாலின் வாதத்துக்கு வலுவுண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கழகம் என்பது பதிவேட்டில் உள்ள பெயர் மட்டும்தானா? 1913-இல் மைதானத்துக்கு வந்த அதே மனிதர்கள், அதே ஆட்டக்காரர்களைக் காண, அதே நிறங்களைச் சுமந்துகொண்டு 1914-இலும் வந்தார்கள். நிறுவனம் கைவிட்டதை மக்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதனால் பிறந்தநாள் 1891 என்று கொள்வதையே நான் நியாயமாகக் கருதுகிறேன்.

ஆரம்ப காலத்தில் கழகத்தின் ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் யார்?

மூவரைச் சொல்லலாம். முதலாமவர் ஜான் ஹார்லி. கிளாஸ்கோவில் பிறந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர் ரயில்வேப் பணிக்காக அர்ஜென்டினாவுக்கு வந்து, 1909-இல் மொண்டேவிடியோவுக்கு மாறினார். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவதே அதுவரை வழக்கமாக இருந்தது. பந்தைத் தரையோடு வைத்து, குறுகிய தூரங்களில் ஒருவருக்கொருவர் கடத்தி முன்னேறும் ஸ்காட்லாந்துப் பாணியை ஹார்லி களத்தில் செய்து காட்டினார். பின்னாளில் உலகமே வியந்த உருகுவே ஆட்டத்தின் வேர்களில் ஒன்று இந்த மெலிந்த ரயில்வே ஊழியரின் கால்களில் இருந்தது.

இரண்டாமவர் ஹோசே பியென்டிபேனே. 'எல் மாயெஸ்த்ரோ', அதாவது ஆசான், என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1916-இல் நடந்த முதல் தென் அமெரிக்க சாம்பியன் போட்டியின் முதல் கோலை அடித்தவர் அவர்.

மூன்றாமவர் இசபெலினோ கிராடின். அதே 1916 போட்டியில் மிக அதிக கோல்கள் அடித்தவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல். சிலி அணியை உருகுவே 4-0 என்று வென்றபோது, கிராடினையும் ஹுவான் தெல்காதோவையும் சுட்டி, உருகுவே 'இரண்டு ஆப்பிரிக்கர்களை' ஆடவைத்தது என்று சிலித் தரப்பு முறையிட்டது. அன்றைய தென் அமெரிக்காவின் தேசிய அணிகளில் கறுப்பின ஆட்டக்காரர்கள் மிக அரிதாக இருந்த காலம் அது. முறையீடு எடுபடவில்லை, கோப்பை உருகுவேக்குப் போயிற்று. கிராடின் ஓட்டப்பந்தய வீரராகவும் இருந்து, 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களில் கண்டத்தின் பட்டங்களை வென்றார்.

1924 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற உருகுவே அணியில் பெனியாரோல் ஆட்டக்காரர்கள் ஏன் இல்லை?

1922-இல் அர்ஜென்டினாவில் கால்பந்துச் சங்கம் இரண்டாகப் பிளந்திருந்த சமயம், பிரிந்துபோன தரப்பைச் சேர்ந்த ராசிங் கழகத்தோடு பெனியாரோல் ஆடியது. இதற்காக உருகுவேச் சங்கம் அதை வெளியேற்றியது. பெனியாரோல் வேறொரு கூட்டமைப்பைத் தொடங்கியது. நாட்டின் கால்பந்து சில ஆண்டுகள் பிளவுபட்டே கிடந்தது. பாரிசுக்குப் போன அணி சங்கத்தின் அணி என்பதால் அதில் மஞ்சள்-கறுப்புக்காரர்களுக்கு இடமில்லை.

உலகக் கோப்பையின் முதல் கோல் பெனியாரோலின் மைதானத்திலா அடிக்கப்பட்டது?

ஆம். 1930 ஜூலை 13 அன்று பிரான்சும் மெக்சிகோவும் மோதிய ஆட்டம், மொண்டேவிடியோவின் போசிட்டோஸ் பகுதியில் பெனியாரோலுக்குச் சொந்தமாக இருந்த மைதானத்தில் நடந்தது. உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டுவந்த சென்டெனாரியோ அரங்கின் கட்டுமானம் அப்போது முடிந்திருக்கவில்லை. அங்கேதான் பிரான்சின் லூசியன் லோரான் உலகக் கோப்பை வரலாற்றின் முதல் கோலை அடித்தார். அந்த மைதானம் இன்று இல்லை. நகரம் அதன்மீது வளர்ந்துவிட்டது.

1950 மரக்கானா வெற்றியில் கழகத்தின் பங்கு என்ன?

மிகப் பெரிது. 1949-இல் ஹங்கேரியரான எமெரிக்கோ ஹிர்ஷ்லின் பயிற்சியில் பெனியாரோல் அணி எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நொறுக்கியது. கிஜியா, ஹோபெர்க், மீகெஸ், ஸ்கியாஃபினோ, விதால் ஆகிய ஐவரைக் கொண்ட முன்வரிசையை 'மரணப் படை' என்றே அழைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நசியோனாலுக்கு எதிரான ஆட்டத்தில் பெனியாரோல் 2-0 என்று முன்னிலையில் இருக்க, இடைவேளைக்குப் பின் நசியோனால் அணி களத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த ஆட்டத்துக்குத் 'தப்பியோட்டத்தின் கிளாசிக்கோ' என்று பெனியாரோல்காரர்கள் பெயர் வைத்தார்கள் (பரம எதிரிகள் மோதும் ஆட்டத்தைக் 'கிளாசிக்கோ' என்பார்கள்).

அடுத்த ஆண்டு ஜூலை 16 அன்று, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் நடந்த உலகக் கோப்பையின் முடிவைத் தீர்மானித்த ஆட்டத்தில், பிரேசில் முதல் கோலை அடித்த பிறகு, சமன் செய்தவர் ஸ்கியாஃபினோ; வெற்றிக் கோல் அடித்தவர் கிஜியா. கோல் கம்பத்தைக் காத்தவர் ரோக்கே மாஸ்போலி. நடுவே நின்று அணியை நடத்தியவர் தலைவர் ஒப்துலியோ வரேலா. நால்வரும் பெனியாரோலைச் சேர்ந்தவர்கள்.

வரேலாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1943-இல் வாண்டரர்ஸ் கழகத்திலிருந்து வந்தவர் அவர். 1948-இல் உருகுவே ஆட்டக்காரர்கள் தங்கள் உரிமைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது முன்நின்றவர்களில் முதன்மையானவர். பின்னர் சட்டையில் விளம்பரம் போட்டுக்கொள்ளக் கழகம் ஒப்புக்கொண்டபோது, மற்ற பத்துப் பேரும் விளம்பரச் சட்டையோடு களமிறங்க, அவர் மட்டும் பழைய சட்டையோடு வந்தார் என்று சொல்வார்கள். ரயில் தொழிலாளர்களின் கழகத்துக்கு இவரைவிடப் பொருத்தமான தலைவர் கிடைத்திருக்க முடியாது.

லிபர்தாதோரெஸ் கோப்பையோடு பெனியாரோலுக்கு உள்ள உறவு என்ன?

தென் அமெரிக்கக் கழகங்களுக்கான இந்தப் போட்டி 1960-இல் தொடங்கியது. அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் பெனியாரோலின் நிர்வாகியான வாஷிங்டன் கட்டால்தி முக்கியமானவர். முதல் ஆட்டத்தில் ஆடியதும் பெனியாரோலே. 1960 ஏப்ரல் 19 அன்று பொலிவியாவின் ஹோர்ஹே வில்ஸ்டர்மேன் அணியை அது 7-1 என்று வென்றது. அதில் நான்கு கோல்களை அடித்தவர் ஆல்பர்ட்டோ ஸ்பென்சர். முதல் கோப்பையும் பெனியாரோலுக்கே. இறுதிச் சுற்றில் பராகுவேயின் ஒலிம்பியாவை அது வென்றது. 1961-இல் பிரேசிலின் பால்மெய்ராஸை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஐரோப்பிய சாம்பியனான பென்ஃபிகாவிடம் லிஸ்பனில் 1-0 என்று தோற்று, மொண்டேவிடியோவில் 5-0 என்று பழிதீர்த்து, மூன்றாவது ஆட்டத்தில் 2-1 என்று வென்று, ஐரோப்பிய, தென் அமெரிக்கச் சாம்பியன் கழகங்கள் உலகப் பட்டத்துக்காக மோதிய கண்டங்களுக்கிடையிலான கோப்பையையும் கைப்பற்றியது.

ஸ்பென்சர் யார்?

எக்வடோரின் ஆன்கோன் என்னும் எண்ணெய்க் கிணற்று ஊரில் 1937-இல் பிறந்தவர். தந்தை ஜமைக்காவிலிருந்து வந்தவர். 1960-இல் பெனியாரோலுக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆடினார். எதிரணிக் காப்பாளர்களுக்கு மேலே எழும்பித் தலையால் கோல் அடிப்பதில் அவருக்கு இணையானவர் அரிது. லிபர்தாதோரெஸ் போட்டியில் அவர் அடித்தவை 54 கோல்கள். அவற்றில் 48 பெனியாரோலுக்காக. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் கடக்கவில்லை. உலகக் கோப்பையில் ஒருமுறையும் ஆட வாய்க்காததால் பெலே, எய்சேபியோ ஆகியோரின் வரிசையில் அவர் பெயர் சொல்லப்படுவதில்லை. இது வரலாறு அவருக்குச் செய்த அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

1966 லிபர்தாதோரெஸ் இறுதிச் சுற்றை ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

எதிரணி அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட். மொண்டேவிடியோவில் பெனியாரோல் 2-0 என்று வென்றது; புவேனோஸ் ஐரெஸில் ரிவர் 3-2 என்று வென்றது. கோல் வித்தியாசத்தைப் பாராமல் வெற்றிகளை மட்டும் கணக்கிடும் முறை இருந்ததால், மூன்றாவது ஆட்டம் மே 20 அன்று பொது இடமான சிலியின் சாண்டியாகோவில் நடந்தது.

இடைவேளையின்போது ரிவர் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ரிவரின் கோல்காப்பாளர் அமதேயோ காரிசோ, கோலை நோக்கி வந்த பந்து ஒன்றைக் கையால் பிடிக்காமல் அலட்சியமாக மார்பில் தாங்கி நிறுத்தினார் என்றும், அதைக் கண்ட பெனியாரோல் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள் என்றும் இன்றும் கதை சொல்வார்கள். ஒரு மார்புத் தடுப்பு ஆட்டத்தைத் திருப்பியதா என்பது எப்படியானாலும், ஆட்டம் திரும்பியது உண்மை. இரண்டாம் பாதியில் ஸ்பென்சர் ஒன்று அடித்தார். அபாதியேயின் உதை இரண்டாவதாக அமைந்தது. கூடுதல் நேரத்தில் ஸ்பென்சர் மீண்டும் அடிக்க, பெத்ரோ ரோச்சா நான்காவதை அடித்தார். முடிவு 4-2.

சில நாள்களுக்குப் பின் ரிவர் அணி பான்ஃபீல்டு கழகத்தின் மைதானத்தில் ஆடியபோது, எதிர் ரசிகர்கள் சிவப்புப் பட்டை போட்ட கோழி ஒன்றைக் களத்துக்குள் விட்டார்கள். அன்றுமுதல் ரிவருக்குக் 'காயினாஸ்', அதாவது கோழிகள் (கோழைகள்), என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெனியாரோலின் பயிற்சியாளராக அன்று நின்றவர், 1950-இல் மரக்கானாவில் கோல் காத்த அதே மாஸ்போலி. அந்த ஆண்டு அக்டோபரில் ரியல் மாட்ரிட் அணியை மொண்டேவிடியோவில் 2-0, மாட்ரிடில் 2-0 என்று வென்று கழகம் மீண்டும் உலகின் தலைசிறந்த கழகமாயிற்று. 1960-இல் இதே மாட்ரிடில் 5-1 என்று தோற்றதற்கு ஆறாண்டு கழித்துக் கிடைத்த விடை அது.

1982 லிபர்தாதோரெஸ் வெற்றி எப்படிக் கிடைத்தது?

கழகத்தின் மிகப் பெரும் கோல் வேட்டைக்காரர்களில் ஒருவரான ஃபெர்னாண்டோ மொரேனா, சிலியின் கோப்ரெலோவாவுக்கு எதிரான இரண்டாவது இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். டிசம்பரில் டோக்கியோவில் ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்று மூன்றாவது முறையாக உலகப் பட்டம் பெற்றார்கள்.

1987-ஐ ரசிகர்கள் ஏன் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்?

அந்த அணி பெரிய பெயர்களால் ஆனது அல்ல, பெரும்பாலும் இளைஞர்கள். பயிற்சியாளர் ஆஸ்கர் வாஷிங்டன் தபாரெஸ் அப்போது பெரிதாக அறியப்படாதவர். பின்னாளில் உருகுவேத் தேசிய அணியை நெடுங்காலம் வழிநடத்தியவர். அந்த ஆண்டு ஏப்ரலில் நசியோனாலோடு நடந்த ஆட்டத்தில் பெனியாரோலின் மூன்று பேர் வெளியேற்றப்பட, எட்டுப் பேராக நின்று பதினொரு பேரை 2-1 என்று வென்றபோதே இந்த அணியின் நெஞ்சுரம் தெரிந்துவிட்டது.

லிபர்தாதோரெஸ் இறுதிச் சுற்றில் எதிர்ப்பட்டது கொலம்பியாவின் அமெரிக்கா டி காலி. காலியில் பெனியாரோல் 2-0 என்று தோற்றது. மொண்டேவிடியோவில் ஆட்டம் முடியும் தறுவாயில் ஹோர்ஹே வியார் அடித்த கோலால் 2-1 என்று வென்றது. அக்டோபர் 31 அன்று மீண்டும் சாண்டியாகோவில் மூன்றாவது ஆட்டம். கூடுதல் நேரமும் சமனில் முடிந்தால் கோல் வித்தியாசத்தில் கோப்பை கொலம்பியர்களுக்கு. 120-ஆம் நிமிடம் நெருங்கும்வரை கோல் விழவில்லை. காலியின் கைகளில் கோப்பை ஏறக்குறைய வந்துவிட்டது. அந்தக் கடைசி நொடிகளில் இடப்பக்கமாக உள்ளே புகுந்த தியேகோ அகிர்ரே, பந்தைக் கோலின் மறுமூலைக்குள் அனுப்பினார். காலி அணி தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இறுதிச் சுற்றில் தோற்றது. அவர்களுடைய துயரத்தையும் நினைக்காமல் அந்தக் கோலைப் பார்க்க என்னால் இயலவில்லை. டிசம்பரில் டோக்கியோவில் பனி கொட்டிய களத்தில் போர்ட்டோவிடம் 2-1 என்று கூடுதல் நேரத்தில் பெனியாரோல் தோற்றது.

'மான்யா' என்ற பெயருக்கு என்ன பொருள்?

'உண்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நசியோனாலுக்கு மாறிய கார்லோஸ் ஸ்கரோனேயின் வாயிலிருந்து, பெனியாரோலில் இருந்து என்னத்தைத் தின்பது என்ற பொருளில், வசையாக அது பிறந்ததாகச் சொல்வார்கள். இழிவாக எறியப்பட்ட சொல்லை ரசிகர்கள் பெருமையோடு தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள்.

கழகத்துக்குச் சொந்த அரங்கு உண்டா?

1916-இல் திறக்கப்பட்ட லாஸ் அகாசியாஸ் மைதானம் கழகத்துடையது. ஆனால் பெரிய ஆட்டங்களுக்கு அது போதவில்லை. பல பத்தாண்டுகள் சென்டெனாரியோவையே தன் வீடாகக் கொண்டிருந்தது கழகம். 2016 மார்ச் 28 அன்று, ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய 'கம்பியோன் தெல் சிக்லோ' அரங்கு ரிவர் பிளேட்டோடு ஆடிய ஆட்டத்துடன் திறக்கப்பட்டது. 'நூற்றாண்டின் சாம்பியன்' என்பது அதன் பொருள். கால்பந்து வரலாறு, புள்ளிவிவரங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2009-இல் 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த தென் அமெரிக்கக் கழகமாகப் பெனியாரோலை அறிவித்ததை ஒட்டி வைத்த பெயர் அது.

1987-க்குப் பிறகு கழகம் சரிந்துவிட்டதா?

நாட்டுக்குள் இல்லை. 1993 முதல் 1997 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்களை வென்றது. அந்த அணியின் மூளையாக இருந்தவர் பாப்லோ பெங்கோச்சேயா. ஆனால் கண்டத்தில் நிலைமை வேறு. உருகுவேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 35 லட்சம் மட்டுமே. பிரேசில் கழகங்களின் பணபலத்தோடும் ஐரோப்பாவுக்கு இளம் வயதிலேயே பறந்துவிடும் ஆட்டக்காரர்களின் இழப்போடும் போராடும் கழகத்துக்கு, பழைய உயரம் எளிதில் எட்டாது.

ஆயினும் 2011-இல் லிபர்தாதோரெஸ் இறுதிச் சுற்றை எட்டியது. நெய்மாரின் சாண்டோஸ் அணியிடம் தோற்ற அந்தப் பெனியாரோலின் பயிற்சியாளர், 1987-இல் கடைசி நிமிடக் கோல் அடித்த தியேகோ அகிர்ரேதான். 2024-இல் அவரே மீண்டும் பயிற்சியாளராக இருந்து, காலிறுதியில் ஃபிளமெங்கோவை மரக்கானாவில் 1-0 என்று வென்று, மொண்டேவிடியோவில் கோலின்றிச் சமன் செய்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். அங்கே போட்டாஃபோகோவிடம் முதல் ஆட்டத்தில் 5-0 என்று நொறுங்கியபோதும், இரண்டாவது ஆட்டத்தை 3-1 என்று வென்றே விடைபெற்றார்கள். அந்த ஆண்டின் உருகுவே லீக் பட்டமும் அவர்களுடையதே.

பழைய ரயில் பட்டறை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1940-களின் இறுதியில் பிரிட்டிஷார் ரயில்வேயை உருகுவே அரசுக்கு விற்றுவிட்டார்கள். நிறுவனம் போனது, அதன் பெயரும் மறைந்தது. பெனியாரோல் பகுதியில் செங்கல் பணிமனைகளும் தொழிலாளர் வரிசைவீடுகளும் ரயில் நிலையமும் பாரம்பரியச் சின்னங்களாகப் பேணப்படுகின்றன. மொண்டேவிடியோவுக்குப் போகிறவர்கள் அரங்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நகர மையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தத் தெருக்களிலும் நடந்து வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். அங்கே சுவர்களில் பூசியிருக்கும் மஞ்சளும் கறுப்பும் ரயில்வேக்கு உரியவையா, கழகத்துக்கு உரியவையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.